காய்ச்சல் மழை

ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பது ஊருலகத்துக்கே தெரிந்த சங்கதி. ஆனால் ஒத்தத்தாழை உப்பளக் குடியிருப்பில், அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில், ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சலோடு மழையும் வந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக இல்லை, போட்டுக்கொண்டவர் தலைக்கு மேலே மட்டும், நாலு பாய் விரிக்கிற அகலத்துக்கு, காய்ச்சல் ஏற ஏற வலுத்து, இறங்க இறங்கத் தூறலாகி, காய்ச்சல் விட்டதும் அதுவும் விட்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தத் தண்ணீரில் சோறு பொங்கித் தின்றவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையில் பாத்தி கட்டி, புரட்டாசி வரைக்கும் உப்பு வாருகிற ஊர் அது. அந்த ஒன்பது மாதமும் மழை என்ற சொல்லை அங்கே யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். மேகம் கறுத்தால் ‘மேல்வீட்டுக்காரர் எட்டிப் பாக்காரு’ என்பார்கள், நாலு சொட்டு விழுந்துவிட்டால் ‘மேல்வீட்டுக்காரர் எறங்கிட்டாரு’ என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இருபது நாள் வெயிலில் வெந்து விளையவைத்த உப்பு அரை மணி நேரத்தில் தண்ணீராகப் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதில் ஊரிலேயே கெடுபிடிக்காரி செந்தூர்க்கனி. நாற்பத்து மூன்று வயது, சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், முப்பது பேர் கொண்ட செட்டுக்குத் தலைவி, குரல் மூன்று அளம் தாண்டிக் கேட்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடப் புத்தகத்து மழைப் பாட்டைச் சத்தமாகப் படித்தாலும் ‘ஏல, வாயை மூடிட்டுப் படி’ என்று அதட்டிவிட்டுத்தான் அந்த வீட்டைத் தாண்டுவாள். ஊரில் குடிக்கிற தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை லாரியில் வரும். அதற்கும் குடத்தோடு முதலில் நிற்கிறவள் அவள்தான்.

கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, தங்கச்சி முத்துச்செல்வியை வளர்த்து ஆளாக்குகிறதிலேயே வயது ஓடிவிட்டது, அதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, ஒரே ஒரு ஆசைதான்: தங்கச்சி பெற்றதைத் தன் கையில் வாங்க வேண்டும். முத்துச்செல்வி மூன்று தடவை உண்டானாள். மூன்று தடவையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. ‘கரைஞ்சு போச்சு’ என்றுதான் செந்தூர்க்கனி சொல்வாள், உப்புக்காரி வாயில் வேறு என்ன வரும்? முதல் தடவை உண்டானபோது ஆசையாசையாக வாங்கி வந்த வெள்ளிச் சங்கு ஒன்று, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற குட்டிச் சங்கு, துணியில் சுற்றி மிளகாய் டப்பாவுக்குள் ஆறு வருசமாகக் கிடந்தது. இப்போது நாலாவது தடவை. வைகாசியில் ஐந்தாம் மாதம். புருசன் சுடலைமுத்து தோணியில் மாலத்தீவுக்குப் போனவன், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டு, தினமும் போனில் ‘பாத்துக்கோ, பாத்துக்கோ’ என்பதோடு சரி.

அந்த வைகாசியில்தான் ஊசி ஒத்தத்தாழைக்கு வந்தது. நர்சம்மா ரோஸ்லின் ஸ்கூட்டியில் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதும், புலி வந்த மாதிரி ஆம்பளைகளெல்லாம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடாமல் நின்றவன் அந்தோணிமுத்து ஒருத்தன். முந்தின மாதம்தான் கூடப் பிறந்த அண்ணனை நோய் கொண்டுபோயிருந்தது, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்த உடம்பில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. ‘இருந்தா இருக்கேன், போனா போறேன், குத்துங்க’ என்று கையை நீட்டினான். சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, வந்த சூட்டுக்கு அவன் வீட்டுக் கூரைமேல் மட்டும் சோவென்று மழை. அடுத்த வீட்டுக் கூரையில் காய்ந்த கருவாடு காய்ந்தபடி கிடந்தது.

ஊசிக்கும் இதற்கும் முடிச்சுப் போட அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் செந்தூர்க்கனி போய் அவன் கதவைத் தட்டினாள். ஒத்தத்தாழையில் காய்ச்சலுக்கென்று யாரும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை, வெயிலில் நின்றால் எந்தக் காய்ச்சலும் வேர்த்து ஓடிவிடும் என்பது அவர்கள் வைத்தியம்.

“ஏல அந்தோணி, எந்திரி. அங்கன வந்து நாலு பலகை இழுத்தீன்னா சவத்துக் காய்ச்சல் ஓடிப் போயிரும்.”

“முடியலக்கா, ஒடம்பு அனலாக் கொதிக்கி.”

“கொதிச்சாத்தான வேர்க்கும்? வால.”

போர்வையைப் போர்த்திக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தவன் பாத்தி வரப்பில் கால் வைத்தான். அவ்வளவுதான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, சூரியன் சுட்டெரிக்கிறது, அவன் தலைக்கு மேலே மட்டும் ஊற்றுகிறது. அவன் பயந்துபோய் ஓட, ஓடின பாத்தியிலெல்லாம் அது கூடவே ஓட, செட்டு முழுக்க ‘ஏல நில்லு, ஏல அங்கிட்டுப் போகாத’ என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓட, பன்னிரண்டு பாத்தி உப்பு கண்ணெதிரே கரைந்து போனது. வா என்று இழுத்து வந்தது தான்தானே என்று செந்தூர்க்கனி தலையில் அடித்துக்கொண்டாள். முந்தின நாள் போட்ட ஊசியின் வேலைதான் இது என்பது அப்போதுதான் உறைத்தது, அவள் கோபம் முழுவதும் அந்த ஊசிமேல் திரும்பியது.

ஆனால் அந்தோணிமுத்துவின் பெண்டாட்டி வேறு விதமான ஆள். அவன் வீடு திரும்பிப் படுத்ததும், வீட்டில் இருந்த குடம், குத்துப்போணி, அண்டா அத்தனையையும் கூரையடியில் வரிசையாக வைத்துவிட்டாள். ஒன்பது குடம் நிறைந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள், இளநீர் மாதிரி இருந்தது. லாரி வர இன்னும் மூன்று நாள் கிடக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு தெருவில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள்.

அடுத்த வாரம் நர்சம்மா வந்து இறங்கியபோது உடைமரக் காட்டுக்குள் யாரும் ஓடவில்லை. ஆளுக்கொரு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ‘குடம் எதுக்குங்க?’ என்று அந்தம்மா கேட்டதற்கு, ‘நீங்க குத்துங்கம்மா, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்’ என்றார்கள்.

ஒவ்வொருத்தர் மழையும் ஒவ்வொரு விதம். நிறுவை குறைக்கிற ரேஷன் கடைக்காரருக்கு எண்ணி ஏழே சொட்டு. சண்டைக்காரி ஒருத்திக்கு இடியும் மின்னலுமாக வந்து தெருநாயெல்லாம் ஊரைவிட்டு ஓடிவிட்டது. ஊர்வம்பு பேசுகிற ஒருத்திக்கு அவள் வீட்டில் பெய்யாமல் பக்கத்து வீட்டிலேயே பெய்தது. டவுனிலேயே போட்டுக்கொண்டேன் என்று மார்தட்டிய ஒருத்தன் வீட்டுக் கூரை இரண்டு நாளாகியும் காய்ந்தே கிடக்க, மூன்றாம் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றான். அவரவர் மழை அவரவர்க்குக் குளிரவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் சூட்டில் இருந்தது. அதனால் போகப் போக எல்லோரும் முற்றத்தில் கட்டிலைப் போட்டு அதிலேயே படுத்துக் கிடந்தார்கள், காய்ச்சலுக்கும் அது இதமாக இருந்தது. அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் கருவியோடு வந்து அளந்து பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஏன் பெய்கிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எப்போது யாருக்குப் பெய்ய வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை, எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தெருவில் ஓடவிட்டால் பிறகு என்ன செய்வது? ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸால் முறை எழுதினார்கள், இந்த வாரம் மேற்கு வரிசையில் ஐந்து பேர், அடுத்த வாரம் கோயில் பக்கம் ஐந்து பேர் என்று.

முதலாளி மட்டும் முறைத்தார். காய்ச்சல்காரன் அளத்துக்கு வரவும் கூடாது, வராத நாளுக்குக் கூலியும் கிடையாது என்று சொல்லியனுப்பினார். செட்டுக்காக அவரிடம் பேசப் போனவள் செந்தூர்க்கனிதான், தான் ஊசி போடாவிட்டாலும் செட்டை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. “சரிங்க மொதலாளி. கூலி இல்லேன்னா சும்மா இருக்க முடியுமா? முப்பது பேரும் ஒண்ணா போட்டுக்கிட்டு, ஒண்ணா காய்ச்சலோட வந்து, ஆளுக்கொரு பாத்தியில நிக்கோம்” என்றாள் வெகு மரியாதையாக. அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். மூன்று நாள் கூலியோடு லீவு என்று முடிவானது, ஒத்தத்தாழையில் காய்ச்சலுக்கு லீவு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இப்படி ஊரே நனைந்து முடிந்த பிறகும் செந்தூர்க்கனி வீட்டுக் கூரை மட்டும் காய்ந்து கிடந்தது. கேட்டவர்களிடம், ‘செட்டுத் தலைவி மூணு நாள் படுத்துட்டா வாருறது யாரு, ஒங்க தாத்தாவா?’ என்பாள். உள்ளுக்குள் இருந்தது பயம். மேல்வீட்டுக்காரரை வீட்டுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதா என்ற பயம், அதுவும் தங்கச்சி வயிற்றில் ஒன்று விளைந்துகொண்டிருக்கிற நேரத்தில்.

ஆடி பிறந்தது. முத்துச்செல்விக்கு ஏழாம் மாதம். நர்சம்மா ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள்.

“கர்ப்பமா இருக்கவங்களும் போட்டுக்கலாம்னு உத்தரவு வந்துட்டு. செல்விக்குப் போட்டா வயித்துல இருக்க பிள்ளைக்கும் சேத்துக் காவல். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வேண்டாம்மா” என்றாள் செந்தூர்க்கனி, யோசிக்காமலேயே.

“அக்கா, பக்கத்து ஊர்ல போன மாசம் ஒரு பிள்ளை. எட்டு மாசம். நோய் வந்து மூச்சு எடுக்க முடியல, தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. நானே கூட இருந்தேன். அந்த வீட்டுல தொட்டில் கட்டுறதுக்குக் கயிறு வாங்கி வச்சிருந்தாக.” நர்சம்மாவுக்குக் கண் கலங்கியது. “எனக்குச் சொல்ல மட்டுந்தான் முடியும்.”

நர்சம்மா போன பிறகு செந்தூர்க்கனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். உப்பு எப்படி விளையும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் கண்ணுக்குத் தெரியாத தூசியாக, பிறகு ஆடை கட்டி, பிறகு மணி மணியாக, ஆட்டாமல் அசைக்காமல் விட்டால்தான் விளையும், விளைகிற நேரத்தில் மேல்வீட்டுக்காரர் வந்தால் தீர்ந்தது. தங்கச்சியின் வயிறும் அவளுக்கு ஒரு பாத்திதான். ஏழு மாதம் விளைந்தது. கூரைக்கு மேலே பெய்கிறது வயிற்றுக்குள்ளேயும் பெய்தால்? இந்தக் கேள்வியை அவள் நர்சம்மாவிடம் கேட்கவில்லை, படித்தவர்கள் சிரிப்பார்கள். தானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

வியாழக்கிழமை போய்க் கையை நீட்டினாள். ஊரே ‘கனியக்கா வந்துட்டா’ என்று கைதட்டியது. வெள்ளிக்கிழமை விடியும்போது உடம்பு கொதித்தது. அளத்திலிருந்து எடுத்துவந்த முதல்தர உப்பு ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து, முந்தானைக்குள்ளே அடிவயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, முற்றத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஒரு குடம்கூட எடுத்து வைக்கவில்லை. அவள் மழை வந்தது. செட்டுத் தலைவிக்குத் தகுந்த மழை, தடித்தடிச் சொட்டாக, மத்தியானம் வரைக்கும் நிற்காமல் அடித்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியதும் உள்ளே வந்து முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்துணி மட்டும் இருந்தது.

செந்தூர்க்கனி அழுது ஊர் பார்த்ததில்லை. தாய் செத்தபோதும் அவள்தான் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

முத்துச்செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்னக்கா? என்ன துணி இது?”

மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த முத்துச்செல்வி முதலில் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“ஏட்டி, எதுக்குச் சிரிக்க?”

“எம்பிள்ள உப்பாக்கா?”

“சொன்னா ஒனக்குப் புரியாது.”

“நீதாங்க்கா புரியாம பேசுத. இது இப்ப எங்கன கெடக்கு? தண்ணிக்குள்ளதான கெடக்கு? ஏழு மாசமா முங்கு நீச்சல் போட்டுக்கிட்டு, அதுலயே உண்டு அதுலயே ஒறங்கிக்கிட்டு. கரையணும்னா எப்பவோ கரைஞ்சிருக்கும்.” சொல்லிக்கொண்டே அக்காவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். “மூணு தடவ போச்சு. அப்பல்லாம் எந்த மேல்வீட்டுக்காரர் வந்தாரு? பாத்திகட்டுன மாதிரி என்னயக் கட்டி வைக்காதக்கா. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு வந்தது எனக்கு வந்தா நீ என்ன செய்வ? எனக்கு இந்தத் தடவ பெத்து எடுக்கணும். நான் போட்டுக்கிடுதேன்.”

முப்பது பேரை மேய்க்கிற தனக்கு, பிள்ளை தண்ணீருக்குள் கிடக்கிறது என்கிற இந்தச் சின்ன விசயம் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று செந்தூர்க்கனிக்கு வெட்கமாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் பிள்ளை ஒரு எத்து எத்தியது.

அடுத்த வியாழன் அவள்தான் தங்கச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஊசி இறங்குகிறபோது முத்துச்செல்வி நர்சம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள், செந்தூர்க்கனிதான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் வந்தது. நர்சம்மா சொன்ன மாத்திரையைக் கொடுத்து, முற்றத்துக் கட்டிலில் சாய்த்துப் படுக்கவைத்தாள். முத்துச்செல்வியின் மழை இறங்கியது, அவளைப் போலவே சத்தமில்லாத, மெல்லிசான, இழை இழையான மழை. அக்கம்பக்கத்தார் முறைப்படி குடத்தோடு வந்து சுற்றிலும் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்கள்.

செந்தூர்க்கனி தங்கச்சியின் வயிற்றில் கை வைத்தபடி கட்டிலோரம் மண்டியிட்டிருந்தாள். ஒரு மணி நேரம் போனது. பிள்ளை அசையவில்லை. காலையில் கஞ்சி குடித்ததும் எத்தியது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“செல்வி, அசையுதாட்டி?”

“ஒறங்கும்க்கா.” முத்துச்செல்வியின் குரலிலும் இப்போது சிரிப்பு இல்லை.

அந்தோணிமுத்து நர்சம்மாவுக்குப் போன் போட்டான். இதோ கிளம்பிவிட்டேன், இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள் என்றாள் அவள். குடங்களில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. செந்தூர்க்கனி எந்தச் சாமியின் பெயரையும் சொல்லவில்லை. இரு, இரு, கரைஞ்சிராத, பெரியம்மா இங்கனதான் இருக்கேன் என்று வயிற்றோடு முகத்தை ஒட்டவைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது அவள் புறங்கையில் வேறு மாதிரி ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தங்கச்சியின் மழை நேராக இழை இழையாக இறங்கிக்கொண்டிருக்க, அதற்கு நடுவே, வயிற்றுக்கு நேர் மேலே, ஒரு சாண் அகலத்துக்கு, இன்னொரு மழை பெய்தது. கடுகு கடுகாகச் சொட்டு. பெரியது ஒரு தாளத்தில் பெய்தால், இது தத்தக்கா பித்தக்கா என்று தன் இஷ்டத்துக்கு, விட்டும் தொட்டும், அவசரம் அவசரமாகப் பெய்தது. முத்துச்செல்வி ‘யம்மா’ என்று வயிற்றைப் பிடித்தாள். உள்ளே ஒரு எத்து. இன்னொரு எத்து. ஈரச் சேலைக்கு மேலே குட்டிக் குதிகால் ஒன்று முட்டிக்கொண்டு நகர்ந்து போனதைச் சுற்றி நின்ற எல்லோருமே பார்த்தார்கள்.

செந்தூர்க்கனி எழுந்து உள்ளே ஓடினாள். மிளகாய் டப்பாவைக் கவிழ்த்து, துணியைப் பிரித்து, கறுத்துப் போயிருந்த அந்த வெள்ளிச் சங்கை எடுத்து வந்து, தங்கச்சியின் வயிற்றுக்கு மேலே இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். சொட்டுச் சொட்டாக அது நிறைந்தது. பெரிய மழை விட்டுவிட்டது, ஊர்க் குடமெல்லாம் நிறைந்துவிட்டது, சின்ன மழை மட்டும் விடாமல் பெய்து சங்கின் மூக்கு வழியே வழிந்தது. அந்தோணிமுத்து போனை உயர்த்தி மாலத்தீவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பக்கம் சுடலைமுத்து ‘பாத்துக்கோ’ என்று சொல்லவும் மறந்து விம்மிக்கொண்டிருந்தான். ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்த நர்சம்மா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆடி மாதம். பாத்தி நிறைய உப்பு விளைந்து வாருவதற்குக் காத்துக் கிடக்கிறது. நனைந்த சட்டையோடு, கையில் சங்கோடு, செந்தூர்க்கனி தெருவைப் பார்த்துத் திரும்பினாள். விளைச்சல் காலத்தில் முப்பது வருசமாக வாயில் வைக்காத அந்தச் சொல்லை மூன்று அளம் தாண்டிக் கேட்கிற குரலில் கத்திச் சொன்னாள்.

“மழ பெய்யுது! ஏளா, எல்லாரும் வந்து பாருங்க, எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு மழ பெய்யுது!”